33 பக்கங்களும் ஒரு கேள்விக்குறியும்

போன வாரம் உங்களை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டு நான் போய்விட்டேன். கோபம் இருக்கும். நியாயம்தான். பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, டாக்டர் லியோ கானரின் மேசை. அதன்மேல் மிசிசிப்பியிலிருந்து வந்த ஒரு தடித்த உறை.

வாருங்கள், பிரிப்போம்.

உள்ளே தட்டச்சுத் தாள்கள். வரிக்கு வரி இடைவெளி விடாமல் நெருக்கி அடித்திருக்கிறது. கானர் புரட்டுகிறார். ஐந்தாம் பக்கம், பத்தாம் பக்கம், இருபதாம் பக்கம். தீரவில்லை.

மொத்தம் 33.

எழுதியவர் வைத்தியரோ பேராசிரியரோ இல்லை. ஃபாரெஸ்ட் என்ற சின்ன ஊரின் வக்கீல். பெயர் பீமன் டிரிப்லெட். பீமன் என்றதும் உங்களுக்கு கதாயுதம் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. இந்தப் பீமனின் ஆயுதம் சொல். கோர்ட்டுக்கு மனு தயாரிப்பதுபோல, தன் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு பிறவியின் ஐந்து வருஷத்தையும் ஒன்று விடாமல் சொல்லச் சொல்லத் தட்டச்சில் ஏற்றியிருந்தார்.

அந்தப் பிறவி, அவருடைய மகன் டொனால்ட்.

இந்தக் கடிதம் போவதற்கு முன்னால் இன்னொரு கடிதம் வந்திருந்தது. அதையும் பார்த்துவிடுவோம். மூன்று வயது முடிந்த பையனை டாக்டர்களின் சொல்லை நம்பி ஓர் இல்லத்தில் விட்டிருந்தார்களே, காசநோய் அண்டாமல் குழந்தைகளைக் காக்கும் இல்லம், நினைவிருக்கிறதா? மாதத்துக்கு இரண்டே தடவைதான் பெற்றோர் வந்து பார்க்கலாம். அங்கே போன பையன் சிரிப்பதை விட்டான். சாப்பாட்டை விட்டான். ஒரு மூலையில் உட்கார்ந்தான். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்த பெற்றோர், பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். இப்போதுதான் நன்றாக இருக்கிறான், தொந்தரவு செய்யாதீர்கள் என்று பதில் வந்தது.

தாய் மேரி கேட்கவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சரி, ஒரு வருஷம் உங்களிடம் இருந்தானே, என்ன கண்டீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றார் பீமன். எழுதிக் கொடுத்தார்கள்.

அரைப் பக்கம்கூட இல்லை. ஏதோ சுரப்பிக் கோளாறாக இருக்கலாம் என்று ஒரு யூகம். முடிந்தது.

ஓர் ஆண்டு கூடவே வைத்திருந்தவர்களுக்கு அரைப் பக்கம். பெற்ற தகப்பனுக்கு 33 பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இந்த வாரக் கதை.

*

என்ன இருந்தது அந்தக் கடிதத்தில்?

பெருமைப்பட வேண்டிய விஷயங்கள் இருந்தன. ஒரு வயதில் பாட்டுகளைச் சுதி பிசகாமல் முணுமுணுத்தான். இரண்டு வயதுக்குள் ஊரில் எது யார் வீடு என்று சொன்னான். 23-ம் சங்கீதம் மனப்பாடம். பிரஸ்பிட்டேரியன் சபையின் வேத வினாவிடையில் 25 கேள்வியும் பதிலும் மனப்பாடம். அகர வரிசையை முன்னாலிருந்தும் சொல்வான், பின்னாலிருந்தும் சொல்வான்.

நம் ஊராக இருந்தால் மேடையேற்றி மாலை போட்டிருப்போம்.

ஆனால் அதே தாளில், அடுத்தடுத்த வரியில், வேறு ஒன்றும் இருந்தது. கூப்பிட்டால் வரமாட்டான். தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். அப்பா வந்தாலும் அம்மா போனாலும் அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவை முழு வேஷத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தனியாக விட்டால் அவனைப்போல் சந்தோஷமான பிள்ளை இல்லை. கட்டை, சட்டி, மூடி, கையில் உருண்டையாக எது கிடைத்தாலும் பம்பரமாகச் சுழற்றுவான்.

ஒரு காட்சியை மட்டும் பீமன் படமாகவே எழுதிவிட்டார். வீட்டுக்கு ஒரு சறுக்குமரம் வாங்கினார்கள். முதல் நாள் மாலை, பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஏறிச் சறுக்கின. டொனால்ட் கிட்டேயே போகவில்லை. தூக்கி உட்கார வைத்தால் பேயைக் கண்டதுபோல் நடுங்கினான். மறுநாள் காலை. தோட்டத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பையன் தானாக நடந்து போனான். ஏணியில் ஏறினான்.

சறுக்கினான்.

அப்புறம் எத்தனையோ தடவை சறுக்கினான், பக்கத்தில் வேறொரு குழந்தை இல்லாதபோது மட்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். தனியாக இருப்பதால்தான் இப்படி என்று நினைத்து, அநாதை இல்லத்திலிருந்து அவன் வயதுப் பையன் ஒருவனை ஒரு கோடை முழுக்க வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல துடிப்பான பையன். டொனால்ட் அவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒருநாள்கூடச் சேர்ந்து ஓடி விளையாடவில்லை.

கானர் கடிதத்தைக் கீழே வைத்தார்.

ஒன்றை மறக்காதீர்கள். குழந்தைகளின் மனநல மருத்துவத்துக்கு ஆங்கிலத்தில் முதல் பாடநூல் எழுதியவர் இந்த மனிதர்தான். மூன்று வருஷம்தான் ஆகிறது. அந்தப் புத்தகத்தின் எல்லா அத்தியாயமும் அவருக்கு அத்துப்படி.

அதில் இந்தப் பையன் இல்லை.

*

1938 அக்டோபர். ரயிலேறி வந்து சேர்ந்துவிட்டது டிரிப்லெட் குடும்பம். ஐந்து வயது டொனால்ட் அறைக்குள் நுழைகிறான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நடப்போம். எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

புது இடத்துக்குள் வரும் குழந்தை என்ன செய்யும்? அம்மா முந்தானையைப் பிடிக்கும். புது முகங்களை ஓரக்கண்ணால் பார்க்கும். சிரிக்கும் அல்லது அழும். இரண்டுமே மனிதர்களுக்காக.

டொனால்ட் மனிதர்களைப் பார்க்கவில்லை. அறையில் இருந்தவர்களை நாற்காலி மேசையைக் கடப்பதுபோல் கடந்தான். நேராகப் பொருள்களிடம் போனான். சுழற்றத் தோதானது எது என்று தேடினான். எடுத்தான். சுழற்றினான். காற்றில் விரல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினான். மூன்றே ஸ்வரங்களில் ஒரு மெட்டு, அதையே திரும்பத் திரும்ப முனகினான். கட்டை சுழல்வதைப் பார்த்துப் பரவசத்தில் குதித்தான்.

சந்தோஷம்! ஆனால் அதைப் பங்கு போட்டுக்கொள்ள யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் அவனை மேரிலாண்டின் குழந்தை ஆய்வு இல்லத்தில் வைத்துக் கவனிக்க ஏற்பாடானது. கவனித்தவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் யூஜீனியா கேமரன். இன்னொருவர் டாக்டர் ஜார்ஜ் ஃப்ராங்க்ல். இந்த இரண்டாவது பெயரை ஓரத்தில் குறித்து வையுங்கள். வியன்னாக்காரர். யூதர். ஹிட்லரின் நிழல் ஆஸ்திரியாவில் விழுவதற்குச் சற்று முன்னால் கானர் கைகொடுத்து அமெரிக்காவுக்கு வரவழைத்தவர். வியன்னாவில் அவர் வேலை பார்த்த குழந்தைகள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வித்தாள் கொடுத்து ஒரு மணியில் முடிவு சொல்லமாட்டார்கள். குழந்தை சாப்பிடும்போது, விளையாடும்போது, சண்டை போடும்போது பக்கத்திலேயே இருந்து பார்ப்பார்கள். அந்தப் பிரிவில் ஃப்ராங்க்லுக்கு ஓர் இளைய சகா இருந்தார். அதே 1938 அக்டோபரில், வியன்னாவில் அந்தச் சகா ஒரு மேடையேறி இதே மாதிரிப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். அது ரத்தம் உறையும் கதை. அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். இப்போது பால்டிமோரை விட்டு நகர வேண்டாம்.

டொனால்ட் தரையில் கட்டைகளோடு இருக்கிறான்.

ஒரு கால் வருகிறது. ஒரு கட்டைமேல் பதிகிறது.

பையனுக்குக் கோபம் வருகிறது. சரி, எந்தப் பிள்ளைக்கும் வரும். மற்ற பிள்ளை என்ன செய்யும்? தலையைத் தூக்கும். மிதித்த ஆளின் முகத்தைப் பார்க்கும். எடு என்று கத்தும். அழும்.

டொனால்ட் தலையைத் தூக்கவில்லை.

அந்தக் காலை மட்டும் தள்ளினான். அதற்கு ஒரு பெயரும் வைத்தான். குடை!

கால் விலகியது. கோபமும் விலகியது. மிதித்தவர்மேல் வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. மறுபடி கட்டை, மறுபடி சுழல். வழியில் கை வந்தாலும் இதே கதைதான். கையைத் தள்ளுவான். கைக்கு மேலே ஒரு தோள், தோளுக்கு மேலே ஒரு முகம், முகத்தில் இரண்டு கண்கள் இருப்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கால் இருந்தது. காலுக்குச் சொந்தக்காரர் இல்லை.

அந்தக் காலத்து வைத்தியத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டே இழுப்பறைகள். ஒன்றில் மந்தபுத்தி என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் பைத்தியம். எந்தப் பிள்ளையையும் இரண்டில் ஒன்றில் போட்டுப் பூட்டிவிடலாம். பெரும்பாலும் சாவியையும் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

கானர் முதல் இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். மந்தபுத்தியா? ஒரு பரீட்சையில் பையனிடம் கேட்டார்கள். நாலு சென்ட்டுக்கு மிட்டாய் வாங்குகிறாய், பத்து சென்ட் கொடுக்கிறாய், மீதி எவ்வளவு?

டொனால்டின் பதில்: ஆறு கோண உருவம் ஒன்று வரையப்போகிறேன்.

சிரிக்காதீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தில் நாலு போனால்?

விடை அவனிடம் இருந்தது. நாம் எதிர்பார்த்த வாசல் வழியாக அது வரவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று. கனடாவில் அப்போது ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகள் உலகப் புகழ். டொனால்ட் தன் ஐந்து வண்ணப் புட்டிகளுக்கு அந்த ஐவரின் பெயரை வைத்திருந்தான். நீலத்துக்கு ஆனெட். சிவப்புக்கு செசில். பிறகு ஒருநாள் ஆனெட்டும் செசிலும் சேர்ந்தால் ஊதா என்றான். தெரியாதவர் காதில் அது பிதற்றல். தெரிந்தவருக்கு அது ஓவியப் பாடம்.

'ஆமாம்' என்ற சொல்லுக்கு ரொம்ப நாள் அவனிடம் ஒரே அர்த்தம்: அப்பா, என்னைத் தோளில் தூக்கு. ஏன்? ஆமாம், இல்லை என்று சொல்லப் பழக்கும்போது அப்பா ஒருமுறை, தோளில் ஏறிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார். சொல் அந்த நொடியோடு ஒட்டிக்கொண்டது.

முதல் இழுப்பறை மூடியது.

இரண்டாவது? மனச்சிதைவா? அந்த நோயில் ஒருவர் உலகத்தோடு உறவாடிவிட்டு, பிறகு விலகிப் போவார். இந்தப் பையன் எங்கே உறவாடினான், விலகிப்போக? 33 பக்கத்தில் தேடிப் பார்த்தாலும் அப்படி ஒரு நாள் இல்லை. அவன் கதவைச் சாத்தவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவன் இருந்த இடம் அது.

அதுவும் பொருந்தவில்லை.

இப்போது கானரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். எதிரே மேரி. ஆயிரம் மைலுக்குப் பக்கம் பயணம் செய்து வந்திருக்கிறார். ஒரே ஒரு சொல்லைக் கேட்க வந்திருக்கிறார். நீங்களோ நாட்டிலேயே பெரிய நிபுணர். ஏதாவது ஒரு லத்தீன் பெயரைச் சொல்லி அனுப்பினால் யார் மறுத்துப் பேசப்போகிறார்கள்?

கானர் பேனாவை எடுத்தார்.

மனச்சிதைவு என்று எழுதினார்.

பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

*

ஒரு வளைந்த கோடு, ஒரு புள்ளி. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு யோக்கியமான கேள்விக்குறி குறைவு. எனக்குத் தெரியவில்லை என்று பெரிய மனிதர் ஒருவர் தாளில் ஒப்புக்கொண்ட தருணம் அது. தெரிந்ததாக நடித்திருந்தால் கோப்பு அன்றோடு மூடியிருக்கும். கேள்விக்குறி போட்டதால் திறந்தே கிடந்தது.

திறந்த கோப்புக்குள் மற்ற பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர், இருவர், ஐவர். வேறு வேறு ஊர். வேறு வேறு வீடு. ஆனால் அதே சுழல், அதே தனிமை, ஒரு சாமான் இடம் மாறினாலும் தாங்காத அதே பிடிவாதம். நான்கு வருஷம் ஆயிற்று. மேரிக்குப் பொறுமை தீர்ந்தது. பொதுப்படையான பேச்சே கேட்கிறேன், முடிவான பதில் இல்லையே என்ற ஆற்றாமை. 1942-ல் கானர் பதில் எழுதினார். டொனால்டைப்போல் இன்னும் எட்டுக் குழந்தைகளைப் பார்த்துவிட்டேன். இதுவரை எந்த நூலும் சொல்லாத ஒரு நிலை இது. இதற்கு ஒரு பெயர் வைக்கத்தான் வேண்டுமென்றால்...

அந்தப் பெயரில்தான் 'ஆட்டிசம்' என்ற சொல் வந்தது. 'தான்' என்று பொருள்படும் கிரேக்க வேர். அதற்கு முன்பு ஸ்விட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ப்ளூலர் மனச்சிதைவின் ஓர் அறிகுறிக்கு வைத்திருந்த சொல். கானர் அதைக் கடன் வாங்கினார். அடுத்த வருஷம் கட்டுரை வெளிவந்தது. எட்டு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள். பதினொரு பேரில் முதல் பெயர் டொனால்ட்.

இதில் உங்களுக்கும் எனக்கும் ஒரு சேதி இருக்கிறது.

அன்று கானர் கையில் ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. இருந்தவை இரண்டே. பெற்றவர் எழுதிய விவரம். பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார்த்த கண். இத்தனை வருஷம் கழித்து இன்றும் ஆட்டிசத்தை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை இல்லை. ஸ்கேனும் இல்லை. அதே இரண்டுதான்! பீமனின் 33 பக்கம் சுருங்கி இப்போது 20 கேள்வியாகியிருக்கிறது. 'எம்-சாட்' என்று பெயர். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு. பெயர் சொன்னால் திரும்புகிறதா? பிடித்ததை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? கண்ணோடு கண் பார்க்கிறதா? மற்ற பிள்ளைகளிடம் நாட்டம் உண்டா? ஆமாம், இல்லை என்று பெற்றோர் குறித்தால் போதும். அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, விவரம் தெரிந்தவர் உட்கார்ந்து நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 18-வது மாதத்திலும் 24-வது மாதத்திலும் எல்லாக் குழந்தைகளையும் இப்படிப் பார்க்கச் சொல்கிறது.

ஆகவே, வீட்டில் சின்னக் குழந்தை இருந்து மனதில் ஒரு சந்தேகம் இருந்தால், எழுதி வையுங்கள். என்றைக்கு, என்ன செய்தது, என்ன செய்யவில்லை. பையன்கள் லேட்டாகத்தான் பேசுவார்கள் என்று சொல்லும் பெரியம்மாவிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி. இருந்தால், நாள்கள் மிச்சம்.

*

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். கதை விடவில்லை.

கானரின் அந்தப் புகழ்பெற்ற கட்டுரையைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். இந்தப் பிள்ளைகள் பிறவியிலேயே இப்படி வந்திருக்கிறார்கள் என்று முடிக்கிறார். நல்லது. பெற்றோர்மேல் பழியில்லை.

ஆனால் அதற்குச் சில வரிகளுக்கு முன்னால், கை நடுங்காமல் வேறொன்றையும் எழுதியிருந்தார்.

பதினொரு பேரின் பெற்றோரையும் அவர் வரிசையில் நிறுத்தியிருந்தார். எல்லாரும் படித்தவர்கள். பீமன் தெருவில் நடந்தால் யோசனையில் மூழ்கி யாரையும் எதையும் பார்க்கமாட்டாராம். அதையும் பதிந்துவிட்டார். மனசார அன்பு காட்டும் தாய் தகப்பன்கள் இவர்களில் மிகக் குறைவு என்று சொன்னார். பெற்றோர் எதற்கும் ஒரு பிடிவாதத்தோடு கட்டுப்பட்டவர்கள் என்றார்.

அதற்கு அவர் காட்டிய அத்தாட்சி என்ன தெரியுமா?

அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதிக் குவித்த நுணுக்கமான குறிப்புகள்!

ஆமாம். எந்தக் கடிதம் கானரின் கண்ணைத் திறந்ததோ, அந்தக் கடிதமே குற்றப்பத்திரிகையில் முதல் சாட்சி ஆனது. வக்கீல் பீமன் தன் மகனுக்காகத் தயாரித்த மனு, தனக்கும் மேரிக்கும் எதிராகவே திரும்பியது.

கட்டுரையில் அது சில வரிகள்தான். சின்ன விதை. ஆறே வருஷத்தில் கானரே அந்தத் தாய் தகப்பன்களுக்கு ஓர் உவமை சொல்வார். சமையலறையில் இருக்கும் ஒரு சாதாரணப் பொருள். அந்த ஒரு பொருளின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு தலைமுறைத் தாய்மார்கள் டாக்டர்கள் முன்னால் தலைகுனிந்து உட்காரப் போகிறார்கள்.

அந்தப் பொருளுக்கு ஒரு கதவு உண்டு. அடுத்த வாரம் திறப்போம்.

உள்ளே குளிரும். தயாராக வாருங்கள்.